வீடு வாங்கும் முன் மண்ணையும் ஈரத்தையும் பாருங்கள்: கெடா குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் இன்று சொந்த வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்களில் பல, ஒரு தலைமுறைக்கு முன்புவரை தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவை. தாத்தா பால் வெட்டினார். அப்பா செம்பனைக் காட்டிலோ தொழிற்சாலையிலோ உழைத்தார். பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கியதும் தாமானில் ஒரு தெரேஸ் வீடு பார்க்கிறார்கள். முன்பணத்துக்கு ஊழியர் சேமநிதியில் இருந்து பணம் எடுக்கப்படுகிறது. மீதிக்கு 30, 35 ஆண்டு வங்கிக் கடன். அந்தக் குடும்பத்தின் வாழ்நாளில் இதைவிடப் பெரிய செலவு வேறு இருக்காது.

ஆனால் வீடு பார்க்கப் போகிற நாளில் கவனம் எங்கே போகிறது? வாசல் எந்தத் திசை, சாமி அறைக்கு இடம் இருக்கிறதா, டைல்ஸ் நன்றாக இருக்கிறதா, கார் இரண்டு நிற்குமா. அரை மணி நேரத்தில் முடிவு செய்து முன்பணம் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. வீட்டைத் தாங்கும் அடித்தளத்தையும், தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீரையும் கேட்பவர்கள் குறைவு. குடிபோன இரண்டாம் ஆண்டில் சமையலறைச் சுவர் பிளக்கும்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது. அப்போது கடன் தவணையோடு பழுதுச் செலவும் சேர்ந்துகொள்ளும்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். இந்த வீடு எப்படிப்பட்ட மண்ணின்மேல் நிற்கிறது? பெய்கிற மழையும் மண்ணுக்குள் ஊறுகிற நீரும் எங்கே போகின்றன? இவற்றுக்கு விடை தேடப் பெரும் பணம் வேண்டாம். கொஞ்சம் நேரமும், எதைப் பார்க்க வேண்டும் என்ற தெளிவும் இருந்தால் போதும்.

கெடாவில் மூன்று வகை நிலம்

முதல் வகை நெல்வயல் சமவெளி. அலோர் ஸ்டார், யான், பெண்டாங், ஜித்ரா பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டையாகத் தெரியும் நிலம். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இப்போது இருப்பதைவிட உள்ளே வந்திருந்தது. பழைய கடாரத்தின் துறைமுகங்கள் இருந்த பூஜாங் பள்ளத்தாக்கு இன்று கரையிலிருந்து தள்ளி இருப்பதற்கு, கடல் பின்வாங்கியதும் ஆறுகள் கொண்டுவந்த வண்டல் சேர்ந்ததுமே காரணம். கடல் விட்டுச் சென்ற களிமண் இந்தச் சமவெளியின் அடியில் மிகவும் மென்மையாக, நீர் நிறைந்து கிடக்கிறது. போதாக்குறைக்கு, 1970 முதல் மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் ஆண்டுக்கு இருபோகம் விளைகிறது. வயலில் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீர் நிற்பதால் நிலத்தடி நீரும் மேலாகவே இருக்கும்.

இப்படிப்பட்ட வயலை வீட்டு நிலமாக மாற்றும்போது மேலே செம்மண் கொட்டி உயர்த்துகிறார்கள். அந்த மண்ணின் பாரத்தால் அடியிலுள்ள களிமண்ணிலிருந்து நீர் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேறுகிறது. நீர் போனால் களிமண் சுருங்கும். மேலே உள்ளது இறங்கும். இது ஒரு மழைக்காலத்தில் முடிகிற வேலை அல்ல. பல ஆண்டுகள் நடக்கும். பைலிங் எனப்படும் ஆழத்தூண்கள் கெட்டியான மண்ணைத் தொட்டிருந்தால் வீடு நிற்கும். ஆனால் தூண் இல்லாத கார் நிறுத்துமிடம், வீட்டைச் சுற்றியுள்ள சிமெண்டுத் தரை, வடிகால் ஆகியவை இறங்கிவிடும். அலோர் ஸ்டார் பக்கம் வீட்டு வாசற்படிக்கும் முன்தரைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

இரண்டாம் வகை, தோட்டமாக இருந்து தாமானாக மாறிய மேட்டு நிலம். சுங்கைப்பட்டாணி, பீடோங், லூனாஸ், பாடாங் செராய், கூலிம் வட்டாரத்தில் இதுதான் அதிகம். ரப்பர் தோட்டம் ஒரே மட்டமாக இருந்ததில்லை. மேடும் பள்ளமும், நடுவே ஓடையுமாக இருந்தது. தாமான் கட்டும்போது மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி மட்டமாக்குகிறார்கள். வெட்டிய இடத்தில் உள்ள மண் காலம் காலமாக இறுகிய மண். நிரப்பிய இடத்தில் உள்ளது நேற்று கொட்டிய மண். நிரப்பும்போது மண்ணைச் சுமார் ஓரடி கன அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் உருளை ஓட்டி இறுக்க வேண்டும். லாரி லாரியாகக் கொட்டிவிட்டு மேலாக மட்டும் இறுக்கினால் உள்ளே காற்றும் நீரும் புகுந்து மண் அமுங்கும். அடியில் மரக்கட்டைகளும் வேர்களும் புதைந்திருந்தால் அவை அழுகி வெற்றிடம் உண்டாகும். மரத்தைத் தின்ற கரையானும் அங்கேயே இருக்கும்.

ஒரே வரிசையில் பத்து வீடுகள் இருந்தால் நாலு வீடு வெட்டிய மண்ணிலும் ஆறு வீடு நிரப்பிய மண்ணிலும் நிற்கலாம். ஒரே வீட்டின் முன்பாதி ஒரு மண்ணிலும் பின்பாதி இன்னொரு மண்ணிலும் இருக்கலாம். வீடு முழுதும் ஒரே அளவாக இறங்கினால் பெரிய சேதம் இல்லை. ஒரு பக்கம் நின்று மறுபக்கம் இறங்கினால்தான் சுவர் கிழிகிறது.

மூன்றாம் வகை மலையடிவாரம். குனோங் ஜெராய் சாரலில் யான், மெர்போக், குரூண். கிழக்கே பாலிங், கூப்பாங். இங்கே மண் கெட்டியாக இருந்தாலும் ஆபத்து மேலிருந்து வருகிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

தோட்டத்துப் பெரியவரின் நினைவே ஆவணம்

மேட்டு நிலத்தில் எந்த மனை நிரப்பிய மண் என்பதை மேம்பாட்டாளரின் மண் ஆய்வு அறிக்கை சொல்லும். அது வாங்குபவர் கைக்கு எளிதில் வராது. ஆனால் கெடாவின் தோட்டத் தமிழர்களிடம் அதற்கு இணையான ஒன்று இருக்கிறது. அந்தத் தோட்டத்தில் பால் வெட்டிய பெரியவர்களின் நினைவு அது.

எந்த நிரையில் சரிவு இருந்தது, எங்கே ஓடை ஓடியது, மழை பெய்தால் எங்கே முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, எங்கே பிள்ளைகள் மீன் பிடித்தார்கள், எந்தக் குளத்தை மூடினார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். பழைய கோவிலோ, ஆயக்கொட்டகையோ, தமிழ்ப்பள்ளியோ இருந்த இடத்தை அடையாளமாக வைத்து மற்றவற்றைச் சொல்லிவிடுவார்கள். ஓடை இருந்த இடத்தில் மண்ணைக் கொட்டினாலும் நீர் தன் பழைய பாதையை மறப்பதில்லை. அடியில் ஊறிக்கொண்டே இருக்கும். அந்த மனையில் கட்டிய வீட்டின் தரை ஈரமாகவே இருக்கும்.

ஆகவே வீடு பார்க்கப் போகும்போது அந்தத் தோட்டத்தில் இருந்த தாத்தாவையோ பாட்டியையோ காரில் ஏற்றிக்கொண்டு போவது நல்லது. அப்படி யாரும் இல்லையென்றால் பக்கத்துக் கோவில் நிர்வாகத்தினரையோ, நீண்ட நாள் மளிகைக்கடை வைத்திருப்பவரையோ கேட்கலாம். விற்பவரும் முகவரும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

பேஸ்மெண்ட் இல்லாத வீட்டிலும் ஈரம் ஏறும்

பேஸ்மெண்ட் என்னும் நிலத்தடித் தளம் கெடாவில் அரிது. சரிவில் கட்டிய பங்களாக்களில் கீழ்த்தளத்தின் ஒரு சுவர் மண்ணோடு ஒட்டியிருக்கும். சில அடுக்குமாடிகளில் கார் நிறுத்தும் தளம் தரைக்குக் கீழே இருக்கும். அத்தகைய இடத்தில் சுவருக்கு வெளியே தேங்கும் நீரின் அழுத்தம்தான் முதல் எதிரி. சுவருக்குப் பின்னால் மூன்று மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், சுவரின் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் மூன்று டன் அழுத்தம் இருக்கும். உட்புறம் மட்டும் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தால், அந்த அழுத்தம் நாளடைவில் பூச்சையே தள்ளி உரித்துவிடும். நீர்த்தடுப்பு சுவரின் வெளிப்புறம், மண் தொடும் பக்கத்தில் இருக்க வேண்டும். அதோடு சுவருக்குப் பின்னால் சரளைக்கல்லும் துளைக்குழாயும் போட்டு நீர் வழிந்தோட வழி செய்திருக்க வேண்டும். கீழ்த்தளம் உள்ள வீட்டை வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “சுவருக்குப் பின்னால் உள்ள தண்ணீர் எங்கே வெளியேறுகிறது?” என்பதே. பம்பு வைத்துத்தான் வெளியேற்றுகிறார்கள் என்றால், மின்சாரம் நின்ற நாளில் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி.

சாதாரணத் தெரேஸ் வீட்டுக்கும் இதே கணக்கின் சிறிய வடிவம் உண்டு. தரைக் கான்கிரீட்டுக்கு அடியில் கனமான ப்ளாஸ்டிக் விரிப்பும், சுவரின் அடிவரிசையில் ஈரத்தடுப்புப் படலமும் போட வேண்டும். அவை இல்லாவிட்டாலோ கிழிந்திருந்தாலோ, திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலச் செங்கல்லும் சிமெண்டும் நிலத்து ஈரத்தை மேலே இழுக்கும். அதன் அடையாளங்களைக் கண்ணாலும் மூக்காலும் கண்டுபிடிக்கலாம்.

சுவரின் அடியிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம்வரை சாயம் பொரிந்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், நீர் உள்ளிருந்து வந்து ஆவியாகியிருக்கிறது என்று பொருள். கதவுச் சட்டத்தின் அடிப்பகுதியை விரலால் அழுத்துங்கள். மரம் மெத்தென்று இருந்தால் ஈரமோ கரையானோ உள்ளே இருக்கிறது. அலமாரிகளைத் திறந்து முகருங்கள். வீடு முழுதும் பழைய சாயமாக இருந்து, ஒரு சுவரின் கீழ்ப்பகுதி மட்டும் புதிதாக அடிக்கப்பட்டிருந்தால் அதற்குக் காரணம் கேளுங்கள். புதிய அலங்காரப் பலகையோ டைல்ஸோ இடுப்பளவு மட்டும் ஒட்டப்பட்டிருந்தாலும் அப்படித்தான்.

தரையைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒன்றரை அடி நீளமும் அகலமும் உள்ள தெளிவான ப்ளாஸ்டிக் தாளை மூடாத சிமெண்டுத் தரைமேல் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்ட வேண்டும். குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். தாளின் அடிப்புறம் நீர்த்துளி இருந்தாலோ சிமெண்டு கறுத்திருந்தாலோ தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. தாளின் மேற்புறம் மட்டும் ஈரம் என்றால் அது காற்றிலிருந்து வந்தது. டைல்ஸ் போட்ட வீட்டில், மாடிப்படிக்கு அடியிலோ ஸ்டோர் அறையிலோ டைல்ஸ் இல்லாத இடம் ஒன்று கிடைக்கும். விற்பவரின் அனுமதியோடு முதல் நாள் ஒட்டிவிட்டு மறுநாள் வந்து பார்க்கலாம்.

பார்க்கிற காலமும் முக்கியம். கெடாவில் ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் கொளுத்தும். அந்த நாட்களில் எந்த வீடும் காய்ந்தே தெரியும். ஏப்ரல், மே மாதங்களிலும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் மழை அதிகம். பிடித்த வீட்டைப் பெருமழை பெய்த அன்று மாலையில் இன்னொரு முறை பார்ப்பது, பத்து முறை வெயிலில் பார்ப்பதைவிட மேல். வடிகால் நிரம்பி வழிகிறதா, நீர் வீட்டை நோக்கி வருகிறதா, வீட்டைவிட்டுப் போகிறதா என்பது அன்று தெரிந்துவிடும்.

விரிசல் சொல்லும் கதை

விரிசலைக் கண்டதும் பயப்படவும் வேண்டாம். சாயம் அடித்தால் போய்விடும் என்ற பேச்சை நம்பவும் வேண்டாம். சிலந்தி வலைபோல மேற்பூச்சில் ஓடும் மெல்லிய கோடுகள் சிமெண்டுப் பூச்சு காயும்போது வருபவை. அவை வீட்டின் பலத்தைப் பாதிப்பதில்லை.

கவலைக்குரியவை வேறு. ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல். செங்கல் வரிசையைப் பின்பற்றி மாடிப்படிபோல இறங்கும் விரிசல். சுவரின் உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரியும் விரிசல். ஒரு முனை குறுகலாகவும் மறுமுனை அகலமாகவும் இருக்கும் விரிசல். இவை அடித்தளம் சீரற்று இறங்கியிருக்கலாம் என்பதற்கான அறிகுறிகள். தூணிலோ பீமிலோ விரிசல் இருந்து துருக்கறையும் தெரிந்தால் உள்ளே கம்பி அரிக்கப்படுகிறது.

அகலத்தை வைத்து ஓரளவு தரம் பிரிக்கலாம். பிரிட்டனின் கட்டட ஆய்வு நிலையம் வகுத்து, பல நாடுகளில் பொறியாளர்கள் பின்பற்றும் அளவுகோலின்படி, ஒரு மில்லிமீட்டர் வரை உள்ள விரிசல் சாயம் பூசும்போது சரிசெய்யக்கூடியது. ஐந்து மில்லிமீட்டர் வரை சிறிய பாதிப்பு, அடைத்துப் பூசலாம். ஐந்து முதல் 15 மில்லிமீட்டர் என்றால் செங்கலைப் பெயர்த்துக் கட்ட வேண்டியிருக்கும்; கதவும் ஜன்னலும் இறுகும். 15-ஐத் தாண்டினால் கடுமையான சேதம். 25-ஐத் தாண்டினால் கட்டடமே நிலையிழக்கும் அபாயம் உண்டு. ஐம்பது சென் நாணயத்தின் விளிம்பு தாராளமாக உள்ளே போகிற விரிசல் இருந்தால் பொறியாளரைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

அகலத்தைவிட முக்கியமானது, விரிசல் இன்னும் வளர்கிறதா என்பது. பழைய விரிசலுக்குள் தூசும் சாயமும் படிந்திருக்கும். புதிய விரிசலின் உள்விளிம்பு சுத்தமாக, கூர்மையாக இருக்கும். அடைத்த இடத்திலேயே மறுபடி பிளந்திருந்தால் மண் இன்னும் இறங்குகிறது.

தரை மட்டத்தைப் பார்க்க ஒரு கோலிக்குண்டு போதும். அறைக்கு அறை வைத்துப் பாருங்கள். எல்லா அறையிலும் ஒரே திசைக்கு உருண்டால் வீடு சாய்கிறது என்று சந்தேகிக்கலாம். கொத்தனார் ஒருவரை அழைத்துத் தண்ணீர் டியூப் வைத்து நான்கு மூலை மட்டத்தையும் அளக்கச் சொன்னால் இன்னும் துல்லியமாகத் தெரியும். கடைசியாக, அந்த வரிசையின் பின்சந்தில் ஒரு நடை நடந்து பாருங்கள். விற்கிற வீட்டைப் பூசி மறைத்திருக்கலாம். பக்கத்து வீடுகளை யாரும் மறைத்திருக்க மாட்டார்கள்.

பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறை

தாமான் வீடுகளில் அதிகம் காணும் கோளாறு, பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறை பிரிந்து போவது. மூல வீடு பைலிங்மேல் நிற்கும். பின்னர் உரிமையாளர் குத்தகையாளரை வைத்துக் கட்டிய பகுதி, இரண்டு மூன்று அடி ஆழ அடித்தளத்தில் நிரப்பிய மண்ணின்மேல் நிற்கும். வீடு இறங்காது; சமையலறை இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் சுவர் மேலிருந்து கீழாகப் பிளக்கும். கூரை ஒட்டும் வழியாக மழைநீர் உள்ளே வரும். கழிவுநீர்க் குழாயும் இழுபட்டு உடைந்து, அந்த நீரும் மண்ணுக்குள் போய் இறக்கத்தை வேகப்படுத்தும்.

பழைய வீடு வாங்குபவர் இந்த இணைப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நீட்டிப்புக்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி பெற்ற பிளான் உண்டா என்றும் கேட்க வேண்டும். 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி இத்தகைய கட்டுமானத்துக்கு அனுமதி தேவை. அனுமதியில்லாமல் கட்டியிருந்தால், நாளை இடிக்கச் சொல்லும் நோட்டீஸ் புதிய உரிமையாளருக்குத்தான் வரும்.

தாமே நீட்டிக்க நினைப்பவர்கள், முதலில் மண்ணைச் சோதிப்பது நல்லது. மெக்கிந்தாஷ் சோதனை என்று ஒன்று உண்டு. ஐந்து கிலோ சுத்தியலை 30 செண்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, இரும்புக் கம்பி ஒவ்வோர் அடியும் இறங்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணுவார்கள். சிறிய கட்டுமானத்துக்கு ஏற்ற, செலவு குறைந்த முறை இது. எவ்வளவு ஆழத்தில் கெட்டி மண் இருக்கிறது என்பது தெரிந்தபின் அடித்தளத்தைத் தீர்மானிக்கலாம்.

மலையும் ஆறும் தரும் எச்சரிக்கை

2021 ஆகஸ்டு 18-ஆம் நாள் குனோங் ஜெராயிலிருந்து பாய்ந்த நீர்ப்பெருக்கு யான் வட்டாரத்தில் உயிர்களைப் பறித்தது. அடுத்த ஆண்டு 2022 ஜூலை 4-ஆம் நாள் பாலிங், கூப்பாங்கில் மலையிலிருந்து சேறும் மரக்கட்டைகளும் அடித்து வந்து மூவர் இறந்தனர். வீடுகள் அடியோடு பெயர்ந்தன. 2010 நவம்பரில் அலோர் ஸ்டார் வெள்ளத்தில் மூழ்கியபோது விமான நிலையமே மூடப்பட்டது. அடித்தளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஓடைக்கரையிலும் பள்ளத்திலும் வீடு வாங்குகிறவர் இவற்றை நினைவில் வைக்க வேண்டும். மின்மீட்டர் பெட்டி, வெளிக்கதவு, வேலிச்சுவர் ஆகியவற்றில் ஒரே உயரத்தில் கறைக்கோடு தெரிந்தால் அது வெள்ளம் ஏறிய மட்டம். நீர்ப்பாசன வடிகால் துறையின் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் இணையத்தளத்தில் அருகிலுள்ள ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்க்கலாம்.

சரிவுக்குக் கீழே உள்ள வீடு என்றால் தடுப்புச் சுவரைப் பாருங்கள். அதில் நீர் வெளியேறும் துளைகள் இருக்க வேண்டும். மழைக்குப்பின் அவற்றில் நீர் கசிய வேண்டும். துளைகள் அடைத்துக்கொண்டாலோ, சுவர் முன்பக்கம் சாய்ந்தோ வயிறு தள்ளியோ இருந்தாலோ ஆபத்து.

சிலாங்கூரில் 1993 டிசம்பர் 11 அன்று ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்ததை நாடு மறக்கவில்லை. பின்னால் இருந்த சரிவில் வடிகால் சரியாக இல்லாமல் நீர் ஊறி, மண் சரிந்து கட்டடத்தைத் தள்ளியது. அடியிலிருந்த இரயில் தண்டவாளத் தூண்களால் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்க முடியவில்லை. அந்த வழக்கில், பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர்களுக்கு எதிராக உள்ளூராட்சி மன்றத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று கூட்டரசு நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. “கழகம் அனுமதி கொடுத்த வீடுதானே, ஏதாவது ஆனால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புதிய வீடு என்றால் 24 மாதம்

மேம்பாட்டாளரிடம் நேரடியாக வாங்கும் வீட்டுக்கு 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. சாவி கைக்கு வந்த நாளிலிருந்து 24 மாதம் குறைபாடு பொறுப்புக் காலம். அதற்குள் தரமற்ற பொருளாலோ வேலையாலோ வரும் குறைகளை மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். எழுத்துமூலம் தெரிவித்த 30 நாளுக்குள் பழுது பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்த விதி.

இங்கே “எழுத்துமூலம்” என்பதுதான் முக்கியம். தள அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு ஆறு மாதம் காத்திருந்து காலத்தைக் கோட்டைவிட்டால், பின்னர் நிரூபிக்க ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு குறையையும் தேதியோடு படம் எடுத்துப் பட்டியலிட்டு, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கி ஒரு நகலை வைத்துக்கொள்ள வேண்டும்.

மேம்பாட்டாளர் செய்யாவிட்டால், வீட்டு விலையில் ஐந்து விழுக்காடு வழக்கறிஞரிடம் நிறுத்திவைக்கப்பட்டிருப்பது கைகொடுக்கும். அதில் பாதி எட்டாவது மாத முடிவிலும் மறுபாதி 24-ஆவது மாத முடிவிலும் மேம்பாட்டாளருக்குப் போய்விடும். அதற்கு முன்பே பழுதுச் செலவின் மதிப்பீட்டோடு, ஒப்பந்தம் சொல்லும் முறைப்படி அறிவிப்பு அனுப்பினால் அந்தப் பணத்திலிருந்து செலவை ஈடுசெய்ய வழி உண்டு. அதுவும் போதாவிட்டால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தை நாடலாம். மனுக் கட்டணம் பத்து ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கேட்கலாம். பொதுவாக வழக்கறிஞர் இல்லாமலேயே நடக்கும். பொறுப்புக் காலம் முடிந்த 12 மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

மண் இறக்கம் பல நேரம் 24 மாதத்துக்குப் பிறகே வெளிப்படும். அத்தகைய மறைந்த குறைக்காகக் கவனக்குறைவு வழக்குத் தொடர, 2019 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள காலவரையறைச் சட்டத் திருத்தம் இடம் தருகிறது. குறையைக் கண்டறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் வழக்குக்கான காரணம் எழுந்து 15 ஆண்டு கடந்துவிட்டால் வழக்குத் தொடர முடியாது. இது தீர்ப்பாயம்போல எளிய வழி அல்ல. வழக்கறிஞரும் பொறியாளரும் தேவை.

பழைய வீடும் ஏல வீடும்

இன்னொருவரிடமிருந்து வாங்கும் பழைய வீட்டை, பெரும்பாலான ஒப்பந்தங்கள் “இருக்கும் நிலையிலேயே” வாங்குவதாக எழுதுகின்றன. வங்கி ஏலத்தில் எடுக்கும் வீடும் அப்படியே. விலை மலிவாக இருக்கிறதே என்று லெலோங் வீட்டை எடுக்கும் பலர், ஏலத்துக்கு முன் உள்ளே நுழைந்து பார்த்திருக்கவே மாட்டார்கள். கையெழுத்துப் போட்டபின் கிளம்பும் ஈரமும் விரிசலும் வாங்கியவர் தலையில்தான் விழும். வங்கி மதிப்பீட்டாளர் வந்து பார்த்தார் என்பதும் ஆறுதல் அல்ல. அவர் சொல்வது வீட்டின் சந்தை விலையை. அடித்தளத்தின் நிலையை அல்ல.

2007 ஏப்ரல் 12 முதல் வீட்டுக்குக் குடிபுகத் தகுதிச் சான்றிதழைக் கட்டடக் கலைஞரோ பொறியாளரோ வழங்குகிறார். சிசிசி எனப்படும் அந்தச் சான்றுக்கு முன், மண்வேலை, அடித்தளம் உட்பட ஒவ்வொரு கட்ட வேலைக்கும் தனித்தனிப் படிவத்தில் பொறுப்பானவர்கள் கையெழுத்திட வேண்டும். அதற்கு முந்திய வீடுகளுக்கு நகராண்மைக் கழகம் வழங்கிய சிஎஃப் சான்று இருக்கும். விற்பவரிடம் இந்தச் சான்றையும் மூலப் பிளானையும் கேட்டுப் பெறலாம். கெடா ஊர்களில் மிகப் பழைய வீடுகள் சில பக்காவ் மரத்தூண்மேல் நிற்கின்றன. அந்த மரம் எப்போதும் நீருக்குள் இருந்தால் நெடுங்காலம் உழைக்கும். நிலத்தடி நீர் இறங்கித் தலைப்பகுதி காய்ந்து நனைந்தால் உளுத்துவிடும். அத்தகைய வீட்டுக்குப் பொறியாளரின் கருத்து அவசியம்.

சந்தேகம் இருக்கும் வீட்டுக்கு, மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவு பெற்ற கட்டுமானப் பொறியாளர் ஒருவரை ஒருமுறை அழைத்துக் காட்டிவிடலாம். அந்தக் கட்டணத்தை வீண்செலவு என்று நினைக்கக் கூடாது. அவர் எழுதித் தரும் அறிக்கையைக் காட்டி விலையைக் குறைக்கவோ, விற்பவரையே பழுதுபார்க்கச் சொல்லவோ முடியும். வேண்டாம் என்று விலகுவதற்கும் அதுவே துணை.

முன்பணம் கட்டும் முன்

முதல் முறை பகலில் வீட்டையும் பின்சந்தையும் பாருங்கள். இரண்டாம் முறை பெருமழைக்குப் பின் பாருங்கள். அந்த இடத்தை அறிந்த பெரியவர் ஒருவரைக் கேளுங்கள். ப்ளாஸ்டிக் தாள் சோதனையைச் செய்யுங்கள். நீட்டிப்பு இருந்தால் அனுமதிப் பிளானைப் பாருங்கள். சிசிசி அல்லது சிஎஃப் நகலை வாங்குங்கள். ஐயம் இருந்தால் பொறியாளரை அழையுங்கள். இவை எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று வாரம் பிடிக்கலாம். “இன்றே புக்கிங் போடாவிட்டால் வேறொருவர் எடுத்துவிடுவார்” என்று முகவர் அவசரப்படுத்தக்கூடும். எடுத்தால் எடுக்கட்டும், வேறு வீடு கிடைக்கும். சேமநிதியிலிருந்து ஒருமுறை எடுத்த பணத்தை மறுபடி சேர்க்க இன்னொரு வேலைக்காலம் வேண்டும்.

ஏற்கெனவே வாங்கிக் குடியிருப்பவர்கள் இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வீட்டில் விரிசல் இருந்தால் அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். கோட்டைத் தாண்டி விரிசல் நீண்டிருந்தால், சாவி வாங்கி இன்னும் 24 மாதம் முடியவில்லை என்றால், கடிதத்தை இந்த வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.